மாத்திரையின் மேற்பூச்சும் மருந்து விடுகையும்

மாத்திரை என்னும் சொல் தமிழிலக்கணம் பயின்றார்க்குப் புதிதன்று. எழுத்தொலியின் கால அளவைக் குறிக்கத் தொல்காப்பியர் அச்சொல்லை ஆண்டுள்ளார். இயல்பாகக் கண் இமைக்கும் பொழுதும் கைந்நொடிக்கும் பொழுதும் அதன் அளவாகும். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்னும் வரையறையை நம் மாணாக்கர் அனைவரும் அறிவர். மருத்துவத்தில் அதே சொல் அளந்து திரட்டிய மருந்தைக் குறித்தது. வடமொழியில் மாத்ரா என்பதற்கு அளவு என்பதே பொருளாதலின், இவ்விரு வழக்கும் ஒரு கருத்தினின்று கிளைத்தனவே. எனினும், இலக்கண மாத்திரை காலத்தை அளக்க, மருத்துவ மாத்திரை எடையை மட்டுமே நெடுங்காலம் அளந்து வந்தது. இத்துணை மில்லிகிராம் மருந்து என்பதே அதன் செய்தி. அம்மருந்து உடலினுள் எப்பொழுது வெளிப்படும், எவ்விடத்தில் வெளிப்படும், எத்துணை விரைவில் வெளிப்படும் என்னும் வினாக்களுக்கு அதனிடம் விடை இல்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் அந்நிலை மாறத் தொடங்கியது. இருபதாம் நூற்றாண்டில் மாத்திரை காலத்தையும் இடத்தையும் அளக்கும் கருவியாயிற்று. அங்ஙனம் ஆவதற்குப் பெரிதும் துணைநின்றது அதன் மேற்பூச்சு. இப்பூச்சினை மருந்துக்குப் போர்த்திய ஆடையாகக் கருதுவது பொதுமக்கள் வழக்கு. அது பிழையான கருத்து என்பதையும், அப்பிழை நோயாளியின் உயிருக்கே இடர் விளைக்கவல்லது என்பதையும், இவ்வேறுபாடுகளைத் தெளிவாகச் சுட்டும் தமிழ்ச் சொற்கள் நமக்கு வேண்டும் என்பதையும் விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பூச்சில்லா மாத்திரையின் இயல்பு

பூச்சின் பயனை உணர்வதற்குப் பூச்சில்லா மாத்திரை உடலில் என்னவாகிறது என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். வாய்வழி விழுங்கிய எளிய மாத்திரை இரைப்பையை அடைந்ததும் நீரை ஈர்த்து உடைந்து தூளாகிறது. தூளிலிருந்து மருந்து கரைகிறது. கரைந்த மருந்தின் பெரும்பகுதி சிறுகுடலின் சுவர் வழியே குருதியிற் கலக்கிறது. குருதியில் மருந்தின் செறிவு விரைந்து உயர்ந்து ஓர் உச்சியைத் தொட்டு, பின்னர்க் கல்லீரலும் சிறுநீரகமும் அதனை நீக்குவதால் படிப்படியாகத் தாழ்கிறது.

ஒவ்வொரு மருந்துக்கும் குருதியில் இரண்டு எல்லைகள் உண்டு. கீழெல்லைக்குக் குறைந்தால் மருந்து பயன் தராது. மேலெல்லையைக் கடந்தால் தீங்கு தரும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பகுதியே மருந்து நற்பயன் தரும் பகுதி. எளிய மாத்திரை இப்பகுதிக்குள் நெடுநேரம் நிற்பதில்லை. ஆதலின் மூன்று வேளை, நான்கு வேளை என மீண்டும் மீண்டும் உட்கொள்ள வேண்டியதாகிறது. ஒவ்வொரு வேளைக்கும் ஓர் ஏற்றமும் ஓர் இறக்கமும் நிகழ்கின்றன. ஒரு வேளை மறந்தால் இறக்கம் நீள்கிறது. மேலும், சில மருந்துகள் இரைப்பை அமிலத்திற் கெட்டுவிடுகின்றன. வேறு சில இரைப்பைச் சுவரைப் புண்படுத்துகின்றன. இவ்விடர்களுக்கெல்லாம் மருந்துப் பொருளை மாற்றாமலே, அது வெளிப்படும் காலத்தையும் இடத்தையும் மாற்றித் தீர்வு காண இயலுமா என்பதே அறிஞர் எடுத்துக்கொண்ட வினா.

சருக்கரைப் பூச்சிலிருந்து மென்படலம் வரை

மருந்துருண்டைக்கு மேற்பூச்சிடும் வழக்கம் மிகத் தொன்மையானது. அதன் தொடக்க நோக்கங்கள் எளியன: கசப்பை மறைத்தல், ஈரமும் காற்றும் புகாது காத்தல், கண்ணுக்கு இனிதாக்கல் ஆகியன. 1843ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வில்லியம் பிராக்கடன் என்பார் தூளை அச்சில் இட்டு அழுத்தி உருவாக்கும் முறைக்கு உரிமம் பெற்றார். அவர் ஓவியர்; எழுதுகோலுக்குரிய கரிக்கல்லை உருவாக்க வகுத்த முறையே மருந்துக்கும் பயன்பட்டது. இற்றை நாளின் அழுத்த மாத்திரைக்கு அதுவே முன்னோடி. 1856ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் வில்லியம் வார்னர் சருக்கரைப் பூச்சிட்ட மருந்துருண்டைகளைப் பெருமளவிற் செய்து விற்கலானார்.

சருக்கரைப் பூச்சிடுதல் ஒரு கைத்திறக் கலையாகவே இருந்தது. சாய்ந்து சுழலும் செம்புக் கொப்பரையில் மாத்திரைகளை இட்டு, முதலில் நீர் புகாத பூச்சு, அதன்மேல் முனைகளை உருட்டும் பூச்சு, பின்னர் மழமழப்புக்காகப் பாகு, அதன்மேல் வண்ணப் பாகு, இறுதியில் மெழுகு என ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றி உலர்த்துவர். ஒரு தொகுதி முடியப் பல நாட்கள் ஆகும். பூச்சின் எடை மாத்திரையின் எடைக்கு நிகராவதும் உண்டு. பூச்சின் தரம் பணியாளரின் கைப்பழக்கத்தைப் பொறுத்தது. இரு தொகுதிகள் முற்றும் ஒத்திருத்தல் அரிது.

1950களில் இம்முறைக்கு மாற்றாக மென்படலப் பூச்சு எழுந்தது. பாலிமர் எனப்படும் நெடுந்தொடர் மூலக்கூறுகளாலாகிய பொருளைக் கரைப்பானிற் கரைத்து, நுண்திவலைகளாக மாத்திரைகளின்மேல் தெளித்து, வெங்காற்றால் உலர்த்துவதே இம்முறை. திவலைகள் ஒன்றோடொன்று கலந்து பரவி உலர்ந்து, சில பத்து மைக்ரோமீட்டர் தடிப்புள்ள ஒரே படலமாகின்றன. மாத்திரையின் எடையில் ஏறத்தாழ 2 முதல் 5 விழுக்காடே இதனாற் கூடுகிறது. விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேல் வர்ஸ்டர், மேனோக்கி வீசும் காற்றில் மாத்திரைகளை மிதக்கவிட்டுப் பூச்சிடும் முறைக்கு 1953ஆம் ஆண்டில் உரிமம் பெற்றார். சிறுமணிகளுக்குப் பூச்சிட இன்றும் அவர் பெயரால் வழங்கும் முறை பயன்படுகிறது. தொடக்கத்தில் மெத்திலீன் குளோரைடு போன்ற கரிமக் கரைப்பான்கள் வழங்கின. அவை பணியாளர் நலத்துக்கும் காற்றுக்கும் கேடு விளைப்பன ஆதலின், 1970களுக்குப் பின்னர் நீரை அடிப்படையாகக் கொண்ட பூச்சுக் கலவைகள் படிப்படியாக அவற்றின் இடத்தைப் பெற்றன.

இம்மாற்றத்தைச் செலவும் காலமும் குறைந்ததாக மட்டும் நோக்குதல் போதாது. சருக்கரைப் பூச்சு நீரிற் கரைவது ஒன்றையே அறிந்தது. பாலிமர்ப் படலமோ தான் கரைய வேண்டிய சூழலைத் தெரிந்துகொள்ளவும், கரையாமலே நின்று மருந்தைக் கசியவிடவும் வல்லது. அதனாற்றான் பூச்சு அழகுப் பொருள் என்னும் நிலையினின்று செயலுறுப்பு என்னும் நிலைக்கு உயர்ந்தது.

இரைப்பையைக் கடக்கும் பூச்சு

செயற்பூச்சுகளுள் முதலில் தோன்றியது இரைப்பையிற் கரையாது குடலிற் கரையும் பூச்சாகும். 1884ஆம் ஆண்டில் செருமனியின் ஆம்பர்க் நகரத்துத் தோல்நோய் மருத்துவர் பால் கெர்சன் உன்னா, கெராட்டின் பூசிய மருந்துருண்டைகளை அறிமுகப்படுத்தினார். கெராட்டின் என்பது கொம்பு, மயிர், நகம் ஆகியவற்றில் உள்ள புரதம். இரைப்பை நீர் அதனைக் கரைப்பதில்லை. ஆயினும் குடலிலும் அது எப்பொழுதும் கரையும் என்னும் உறுதி இல்லாமற் போயிற்று.

அதன்பின் அரக்கும் பயன்பட்டது. மரக்கிளைகளில் வாழும் சிறு பூச்சியினம் சுரக்கும் பிசினாகிய அரக்கு, நம் நாட்டார் பண்டுதொட்டு அறிந்த பொருள். ஓலைக்கும் உறைக்கும் முத்திரையிட உதவிய அதுவே, தூய்மை செய்யப்பட்டு மருந்துக்கும் முத்திரையாயிற்று. அது அமிலத்திற் கரையாது, காரத்திற் கரையும். ஆனால் அது நன்கு கரைவதற்கு ஏறத்தாழ 7 என்னும் பி.எச். அளவெண் வேண்டும், சிறுகுடலின் மேற்பகுதியில் அவ்வளவு இல்லை. நாட்பட வைத்திருப்பின் இறுகி இன்னும் மெல்லக் கரைவதும் அதன் குறையாகும்.

இவ்விடத்து பி.எச். என்பதைச் சிறிது விளக்குதல் தகும். அமிலத்தன்மையை அளக்கும் இவ்வெண் 7க்குக் குறையக் குறைய அமிலம் மிகுதி என்றும், 7க்கு மேல் காரம் என்றும் கொள்க. வெறும் வயிற்றில் இரைப்பை நீரின் பி.எச். 1 முதல் 3 வரை இருக்கும். சிறுகுடலின் தொடக்கத்தில் அது 6ஐ ஒட்டியும், இறுதியில் 7ஐக் கடந்தும் இருக்கும். உணவுக்குழலின் வழியிலேயே இயற்கை அமைத்த அடையாளக் கற்கள் போல் இவ்வெண்கள் நிற்கின்றன. பூச்சு இவற்றை உணருமாறு செய்துவிட்டால், மருந்து தான் இறங்க வேண்டிய இடத்தைத் தானே அறியும்.

அங்ஙனம் உணரச் செய்வது வேதியியலின் எளிய உண்மை ஒன்றே. செல்லுலோஸ் அசிட்டேட் தாலேட், மெத்தாக்ரிலிக் அமிலப் பாலிமர்கள் முதலியவற்றின் நெடுந்தொடரில் கார்பாக்சில் என்னும் அமிலத் தொகுதிகள் வரிசையாக அமைந்துள்ளன. இரைப்பையின் மிகுந்த அமிலத்தில் அத்தொகுதிகள் மின்னேற்றமின்றி இருக்கும். அந்நிலையில் பாலிமர் நீரிற் கரையாது. குடலில் அமிலம் குறைந்ததும் அவை ஹைட்ரஜன் அயனியை இழந்து மின்னேற்றம் பெறுகின்றன. மின்னேற்றம் பெற்ற தொடர்கள் ஒன்றையொன்று விலக்கி நீரை ஏற்றுக் கரைகின்றன. அமிலத் தொகுதிகளின் விகிதத்தை மாற்றுவதன்மூலம் 5.5இல் கரையும் படலம், 6இல் கரையும் படலம், 7இல் கரையும் படலம் என வேறுபடுத்தலாம். பெருங்குடல் அழற்சிக்குரிய மெசலசீன் என்னும் மருந்தின் சில வகைகள், 7இல் கரையும் படலத்தால் சிறுகுடல் முழுவதையும் கடந்து, நோயுள்ள இடத்தை அணுகிய பின்னரே வெளிப்படுகின்றன.

ஒமெப்ரசோல் என்னும் மருந்து இப்பூச்சின் இன்றியமையாமைக்குச் சிறந்த சான்று. இரைப்பையில் அமிலம் சுரப்பதைக் குறைக்கும் இம்மருந்து 1988ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் வழக்குக்கு வந்தது. அமிலத்தைக் குறைக்கும் அம்மருந்தே அமிலத்தாற் கெடுவது என்பது இதன் முரண். இரைப்பையில் வெளிப்பட்டால் அது அங்கேயே சிதைந்துவிடும். ஆதலின் குடலில் வெளிப்பட்டு, குருதி வழியாக இரைப்பைச் சுவரின் உயிரணுக்களைப் புறத்திருந்து அடைதல் வேண்டும். இதற்குக் குடற்பூச்சு வேண்டும். ஆனால் குடற்பூச்சின் பாலிமரும் அமிலத் தொகுதி உடையதே! அது மருந்தைத் தொட்டால் மருந்து கெடும். இவ்விடரைத் தீர்க்க, மருந்துக்கும் குடற்பூச்சுக்கும் இடையில் நீரிற் கரையும் நடுநிலைப் படலம் ஒன்றை அமைத்தனர். ஒரு சிறுமணியின்மேல் இரண்டு பூச்சுகள். அகப்பூச்சு புறப்பூச்சினின்று மருந்தைக் காக்கிறது, புறப்பூச்சு இரைப்பையினின்று காக்கிறது.

இப்பூச்சு வாய்த்ததா என்பதை அறிய மருந்து நூல்கள் தேர்வு முறை வகுத்துள்ளன. உடல் வெப்பமாகிய 37 பாகையில், நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் மாத்திரைகள் 2 மணி நேரம் வைக்கப்படும். அவை வெடிப்போ சிதைவோ கொள்ளுதல் கூடாது. பின்னர் பி.எச். 6.8 உள்ள கரைசலுக்கு மாற்றியதும், குறித்த நேரத்துக்குள் கரைந்தாக வேண்டும். தாங்க வேண்டிய இடத்தில் தாங்குதலும், திறக்க வேண்டிய இடத்தில் திறத்தலும் ஆகிய இரண்டும் நிறைந்தாலன்றிப் பூச்சு தேர்ச்சி பெறாது.

நெடுநேரம் விடும் பூச்சு

குடற்பூச்சு மருந்தின் தொடக்கத்தைத் தள்ளிவைக்கிறது. தொடங்கிய பின்னர் மருந்து விரைந்தே வெளிப்படும். மருந்து வெளிப்படும் காலத்தை நீட்டுவதற்கு வேறு வகைப் பூச்சு வேண்டும். 1952ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்மித் கிளைன் அண்டு பிரெஞ்சு நிறுவனம் ஸ்பான்சூல் என்னும் பெயரில் ஒரு கேப்சூலை வெளியிட்டது. அதனுள் மருந்து பூசிய நூற்றுக்கணக்கான சிறுமணிகள் இருந்தன. சிலவற்றுக்கு மெழுகுப் பூச்சு இல்லை. சிலவற்றுக்கு மெல்லிய பூச்சு. சிலவற்றுக்குத் தடித்த பூச்சு. பூச்சில்லாதவை உடனும், மெல்லிய பூச்சுடையவை சற்றுப் பின்னும், தடித்த பூச்சுடையவை இன்னும் பின்னும் மருந்தை விட, ஒரு கேப்சூல் பல மணி நேரம் பயன் தந்தது.

இற்றை நாளில் எத்தில் செல்லுலோஸ் போன்ற நீரிற் கரையாப் பாலிமர்கள் இதற்குப் பெரிதும் பயன்படுகின்றன. இப்படலம் குடலில் எவ்விடத்தும் கரைவதில்லை. நீர் அதனூடே உட்புகுந்து மருந்தைக் கரைக்கிறது. கரைந்த மருந்து செறிவு மிக்க உட்புறத்திலிருந்து செறிவு குறைந்த வெளிப்புறத்துக்குப் படலத்தின் ஊடாக மெல்லக் கசிகிறது. செறிவின் வேறுபாட்டுக்கு ஏற்பப் பரவல் நிகழும் என்னும் விதியை 1855ஆம் ஆண்டில் அடால்ப் பிக் வகுத்தார். படலம் தடித்தால் கசிவு குறையும். படலத்தில் நீரிற் கரையும் பொருள் சிறிது கலந்தால் நுண்துளைகள் தோன்றிக் கசிவு மிகும். இவ்விரண்டையும் கூட்டியும் குறைத்தும் 8 மணி, 12 மணி, 24 மணி என வேண்டிய கால அளவைப் பொறியாளர் அமைக்கின்றனர். இதனால் பூச்சின் அளவை மாத்திரையின் எடையால் மட்டும் கூறாது, புறப்பரப்பின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் இத்துணை மில்லிகிராம் என்று கணக்கிடுகின்றனர்.

ஏரியின் மதகைத் திறந்தால், நீர்மட்டம் உயர்ந்திருக்கும் வரை நீர் விரைந்து பாயும். மட்டம் தாழத் தாழப் பாய்ச்சலும் தளரும். கசிவுப் பூச்சிலும் அவ்வாறே. உள்ளே கரையாத மருந்து எஞ்சியிருக்கும் வரை கரைசல் நிறைசெறிவில் நிற்கும். அதுவரை கசிவும் சீராக நிகழும். எஞ்சிய மருந்தும் கரைந்தபின் செறிவு குறைந்து கசிவு தளர்கிறது. தொடக்க முதல் இறுதி வரை ஒரே அளவில் விடுதல் வேண்டின் வேறு வழி காண வேண்டும்.

சவ்வூடு பரவலால் இயங்கும் மாத்திரை

அவ்வழியைக் காட்டியது 1748ஆம் ஆண்டில் பிரான்சில் ஜான் அந்துவான் நொல்லே கண்டறிந்த சவ்வூடு பரவல் என்னும் நிகழ்வு. நீரை மட்டும் உட்புக விட்டு, அதிற் கரைந்த பொருளை விடாது தடுக்கும் சவ்வின் இரு புறத்தும் செறிவு வேறுபட்டால், செறிவு குறைந்த பக்கத்தினின்று செறிந்த பக்கத்துக்கு நீர் பாயும். அமெரிக்காவின் ஆல்சா நிறுவனத்தைச் சார்ந்த பெலிக்ஸ் தீயூவெஸ், இதனைக் கொண்டு அமைத்த மாத்திரையை 1975ஆம் ஆண்டில் விளக்கி எழுதினார்.

அதன் அமைப்பு வியப்புக்குரியது. மருந்தும் உப்பும் சேர்ந்த உட்கரு. அதன்மேல் செல்லுலோஸ் அசிட்டேட் படலம். படலத்தில் லேசர் ஒளிக்கற்றையால் இட்ட நுண்துளை ஒன்று. குடல் நீர் படலத்தின் வழியே ஒரே வீதத்தில் உட்புகுகிறது. உட்புகுந்த நீரின் அளவுக்கு ஒப்ப, மருந்துக் கரைசல் துளை வழியே வெளித்தள்ளப்படுகிறது. நீர் புகும் வீதம் சீராக இருக்கும் வரை மருந்து விடும் வீதமும் சீராக இருக்கும். இரைப்பையின் அமிலமோ குடலின் அசைவோ இதனைப் பெரிதும் மாற்றுவதில்லை. நீரில் எளிதிற் கரையாத மருந்துகளுக்காக, உட்கருவை ஈரடுக்காக்கி, கீழடுக்கில் நீரேற்று உப்பும் பாலிமரை வைத்தனர். அது உப்பி மேலடுக்கிலுள்ள மருந்தைத் துளை வழியே தள்ளும். குருதி அழுத்தத்துக்குரிய நிபெடிபின் மருந்து இம்முறையில் 1989ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வழக்குக்கு வந்தது.

மருந்து முழுதும் வெளிவந்த பின்னரும் இம்மாத்திரையின் கூடு கரையாது மலத்துடன் வெளியேறும். அதனைக் கண்டு மாத்திரை செரிக்கவில்லை, மருந்து வீணாயிற்று என்று அஞ்சுவோர் உளர். கூடு வெளிவருதல் அதன் இயல்பே என்று முன்னரே கூறிவிடின் அவ்வச்சம் எழாது.

பூச்சு மீறப்படும்பொழுது

இதுகாறும் கூறியவற்றால், பூச்சு மருந்தின் ஓர் உறுப்பு என்பது தெளிவாகும். அவ்வுறுப்பை அழித்தால் விளைவது என்ன? ஒரு நாள் முழுமைக்கும் உரிய மருந்தளவைத் தன்னுட்கொண்டது நெடுநேர மாத்திரை. நிபெடிபினை எடுத்துக்கொள்வோம். விரைந்து கரையும் கேப்சூலில் ஒரு வேளைக்கு 10 மில்லிகிராம் வழங்கியது. நெடுநேர மாத்திரையிலோ 30 அல்லது 60 மில்லிகிராம் அடங்கியுள்ளது. விழுங்க இயலாத முதியவருக்கு எளிதாகட்டும் என்று அன்பினால் அதனை இடித்துத் தேனிற் குழைத்துக் கொடுப்பார், ஒரு நாளைய மருந்தைச் சில நிமிடங்களிற் செலுத்தியவராவர். குருதி அழுத்தம் திடுமெனத் தாழ்ந்து உயிருக்கே ஊறு நேரலாம். மூக்குக் குழாய் வழியாக உணவு பெறும் நோயாளிக்கு மாத்திரையைத் தூளாக்கிக் கரைத்துச் செலுத்தும்பொழுதும் இவ்விடர் உண்டு. குடற்பூச்சு மாத்திரையை நசுக்கினாலோ, மருந்து இரைப்பையிற் கெடும். அன்றி இரைப்பையைக் கெடுக்கும். முன்னையது மிகையால் வரும் கேடு. பின்னையது இடமாற்றத்தால் வரும் கேடு.

நசுக்காமலும் பூச்சு மீறப்படலாம். மலமிளக்கியாகிய பிசகோடில் குடற்பூச்சு உடையது. அதனைப் பாலுடனோ அமில நீக்கியுடனோ கொள்ளலாகாது என்பர். அவை இரைப்பையின் அமிலத்தைக் குறைத்தலின், பூச்சு தான் குடலை அடைந்துவிட்டதாக ஏமாந்து முன்னரே கரைந்துவிடும். மதுவினாலும் இடர் உண்டு. ஹைட்ரோமார்போன் என்னும் கடுவலி நீக்கியின் நெடுநேரக் கேப்சூல் ஒன்று, மதுவுடன் கொண்டபொழுது மருந்தை ஒருங்கே கொட்டிக் குருதிச் செறிவைப் பன்மடங்கு உயர்த்தியது கண்டறியப்பட்டு, 2005ஆம் ஆண்டில் அமெரிக்க அங்காடியினின்று நீக்கப்பட்டது.

செம்மையாக இயங்கும் பூச்சும் தீங்கு செய்தல் கூடும் என்பதற்கு ஆஸ்மோசின் சான்று. அழற்சி நீக்கியாகிய இண்டோமெத்தாசினைச் சவ்வூடு பரவல் முறையில் விடும் அம்மாத்திரை, குடலிற் புண்ணும் துளையும் உண்டாக்கியதாக அறியப்பட்டு 1983ஆம் ஆண்டில் திரும்பப் பெறப்பட்டது. நுண்துளை வழியே செறிந்த கரைசல் இடைவிடாது வெளிப்படுதலின், மாத்திரை ஓரிடத்தில் தங்கிவிடின் அவ்விடத்துச் சுவர் தாக்குறும். குருதியில் சீரான அளவைத் தரும் அமைப்பு, குடற்சுவரில் சீரற்ற செறிவைத் தரலாம் என்பதை அறிஞர் இதனால் உணர்ந்தனர்.

இனி, பூச்சுடைய மாத்திரை எதனையும் எவ்வாற்றானும் பிளத்தலாகாது என்று பொதுவிதி வகுத்தலும் பொருந்தாது. மெட்டோபுரோலால் சக்சினேட்டின் நெடுநேர மாத்திரைகளுட் சில, தனித்தனியே பூச்சிட்ட நூற்றுக்கணக்கான சிறுமணிகளை அழுத்திச் செய்யப்பட்டவை. அவற்றின் நடுவே கோடு இருப்பின் இரண்டாகப் பிளக்கலாம். ஒவ்வொரு மணியின் பூச்சும் குலையாது. மெல்லுதலும் நசுக்குதலுமே கூடா. எனவே வகையறிந்து கூறும் தெளிவு வேண்டும். வகையறிந்து கூறுவதற்கு வகைக்கொரு சொல் வேண்டும்.

சொல் வரையறை

நம் கடைகளில் விற்கும் மருந்து அட்டைகளில் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., சி.ஆர்., டி.ஆர். என்னும் ஆங்கில எழுத்துச் சுருக்கங்கள் மருந்தின் பெயரை அடுத்து அச்சாகின்றன. அவையே பூச்சின் கட்டளைகள். ஆங்கிலம் அறியாதார்க்கு அவை வெறும் எழுத்துகள். ஆங்கிலம் அறிந்தாருள்ளும் பலர்க்கு அவ்வாறே. தமிழில் இவற்றைப் பெயர்ப்போர் பலபொழுதும் ‘மெதுவாகக் கரையும் மாத்திரை’ என்னும் ஒரே தொடரால் எல்லாவற்றையும் அடக்கிவிடுகின்றனர். இது பொருந்தாது. தொடக்கம் தாழ்வது வேறு. முடிவு நீள்வது வேறு. குடற்பூச்சு மாத்திரை மெதுவாகக் கரைவதன்று. பொறுத்திருந்து விரைவாகக் கரைவது. சவ்வூடு பரவல் மாத்திரையின் படலம் கரைவதே இல்லை.

மருந்து மாத்திரையினின்று நீங்குதலை ‘வெளியீடு’ என்பாரும் உளர். அச்சொல் நூல் வெளியிடுதலைக் குறித்து நிலைபெற்றுவிட்டமையின் மயக்கம் தரும். ‘விடுகை’ என்பது எளிது. விடு என்னும் வினையடியாகப் பிறந்தமையால் முன்னொட்டும் எளிதில் ஏற்கும். அதனை அடிப்படையாகக் கொண்டு பின்வரும் நான்கு சொற்களை நாம் முன்வைக்கிறோம். விழுங்கியவுடன் மருந்தை விடுவது உடன்விடுகை மாத்திரை. இரைப்பையைக் கடக்கும் வரை விடாது பின்னர் விடுவது பின்விடுகை மாத்திரை. பல மணி நேரம் பரவலாக விடுவது நெடுவிடுகை மாத்திரை. வரையறுத்த வீதத்தில் மாறாது விடுவது சீர்விடுகை மாத்திரை. ஆங்கில வழக்கில் இறுதி இரண்டும் தம்முள் மயங்கி வருவதுண்டு. சீர்விடுகை யாவும் நெடுவிடுகையே. நெடுவிடுகை யாவும் சீர்விடுகை ஆகா என்று நாம் வரையறுத்துக்கொள்ளின் மயக்கம் நீங்கும்.

பின்விடுகைப் பூச்சினைக் குறிப்பதில் மற்றொரு நுட்பமும் உண்டு. பழைய ஆங்கிலப் பெயர் அது திறக்கும் இடமாகிய குடலைச் சுட்டியது. ஐரோப்பிய மருந்து நூல் இன்று வழங்கும் பெயர் அது தாங்கும் இடமாகிய இரைப்பையைச் சுட்டுகிறது. தமிழில் குடற்பூச்சு என்பது முன்னையதற்கும், இரைப்பை தாங்கு பூச்சு என்பது பின்னையதற்கும் பொருந்தும். பயன்படுத்துவோர்க்குச் சுருங்கிய பெயரே எளிதாதலின் குடற்பூச்சு என்பதனை வழங்கலாம்.

இச்சொற்கள் பாடநூலுக்கும் ஆய்வேட்டுக்கும் உரியவை. நோயாளிக்கு இவை மட்டும் போதா. நெடுவிடுகை என்று அட்டையில் அச்சிட்டுவிட்டால் அதனைப் படித்த மூதாட்டி அம்மாத்திரையை உரலில் இடாமல் விடுவார் என்று கருதுதல் தகாது. அவருக்கு வேண்டுவது வகைப்பெயர் அன்று, ஏவல். ‘முழுதாக விழுங்குக; நசுக்கவோ மெல்லவோ கூடாது’ என்று ஒரு வரி தமிழில் இருத்தல் வேண்டும். விழுங்க இயலாதார்க்கு ‘மருத்துவரிடம் மாற்று மருந்து கேட்க’ என்று இன்னொரு வரியும் வேண்டும். ஏனெனில் நசுக்காதே என்று மட்டும் கூறி வழிகாட்டாது விடின், அவர் மருந்தையே விட்டுவிடுவார். பல மருந்துகளுக்கு நீர்ம வடிவமோ, சிறுமணி வடிவமோ, வேறு மருந்தோ உண்டு. மருத்துவரும் மருந்தாளரும் அதனைக் கூறவல்லார்.

அறிவியலைத் தமிழிற் கூறுவோர் கலைச்சொல் ஆக்குதலோடு தம் பணி முடிந்ததாக எண்ணுதல் ஆகாது. ஒரு பொருளின் இயக்கத்தை முதலில் உணர்ந்து, வேற்றுமை உள்ள இடத்தில் வேறு சொல்லும், ஒற்றுமை உள்ள இடத்தில் ஒரே சொல்லும் வழங்கி, இறுதியில் அப்பொருளைக் கையாளும் மக்களுக்கு விளங்கும் ஏவலாகவும் அதனை ஆக்குதல் வேண்டும். மருந்தியல், மொழியியல் ஆகிய இரு துறையினரும் ஒருங்கமர்ந்து செய்யத்தக்க பணி இது. மருந்து அட்டைகளில் இன்று வழங்கும் சுருக்கெழுத்துகளைத் தொகுத்து, ஒவ்வொன்றும் எவ்வகைப் பூச்சினைக் குறிக்கிறது என ஆராய்ந்து, அதற்குரிய தமிழ்ப் பெயரையும் ஏவற்றொடரையும் வகுத்தல் முதுகலை மாணாக்கர் மேற்கொள்ளத்தக்க ஆய்வுப் பொருளாகும் என்பது நம் கருத்து.